கேள்வி பதில்: கண்டனம் என்ற சொல்லின் எடை

ஒரு நாடு தன் படையை இன்னொரு நாட்டுக்குள் அனுப்பும்போது மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்று ஒரு வாசகர் கேட்டதற்குச் சென்ற இதழில் எட்டு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று தொடர்ந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காரைக்குடியையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்தவை. ரங்கூனிலும் சைகோனிலும் கணக்கு வைத்திருந்த ஊர்களுக்கு அயல்நாட்டுப் படை நடமாட்டத்தில் அக்கறை இருப்பது இயல்பே. ஆகவே சினிமா, சமையல் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இந்த முறை முழு இடத்தையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஒரு வாசகர், காரைக்குடி: படையெடுப்பு நடந்த மறுநாளே ஒரு நாடு கவலை தெரிவிக்கிறது, இன்னொன்று வருந்துகிறது, மற்றொன்று கண்டிக்கிறது. குண்டு விழுகிற இடத்தில் இருப்பவனுக்கு இந்தச் சொற்களால் என்ன பயன்?

அன்றைக்கு அவனுக்கு ஒரு பயனும் இல்லை. அதை மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஆனால் அந்தச் சொற்கள் அவனுக்காகச் சொல்லப்படுபவை அல்ல. பெண் கேட்டு வந்தவர்களிடம் நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘நாள் பார்த்துச் சொல்லியனுப்புகிறோம்’ என்று சொன்னால் ஒரு பொருள், ‘பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாள்’ என்று சொன்னால் வேறு பொருள் என்பது வந்தவர்களுக்குக் காப்பி ஆறுவதற்குள் புரிந்துவிடும் அல்லவா? வெளியுறவு அமைச்சகங்களின் அறிக்கைகளையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ‘கவனித்து வருகிறோம்’ என்பது கீழ்ப்படி. அதற்கு மேலே ‘கவலை’, ‘ஆழ்ந்த கவலை’, ‘வருத்தம்’ என்று ஏறி, உச்சியில் பெயரைச் சொல்லிக் கண்டிப்பது வரை படிகள் இருக்கின்றன.

இந்தப் படிகளில் ஒன்றைக் குறித்து நம் நாடாளுமன்றமே மல்லுக்கட்டியிருக்கிறது. 2003 மார்ச் மாதம் அமெரிக்கா தலைமையிலான படைகள், ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் ஒப்புதல் இல்லாமலேயே இராக்குக்குள் நுழைந்தன. எதிர்க்கட்சிகள் வெளிப்படையான கண்டனம் வேண்டும் என்றன. வாஜ்பாய் அரசோ அமெரிக்காவுடனான உறவைக் கெடுத்துக்கொள்ளத் தயங்கியது. கடைசியில் ஏப்ரல் 8 அன்று மக்களவை ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. இந்தி வாசகத்தில் கண்டனம் என்றே பொருள்படும் ‘நிந்தா’ என்ற சொல் இருந்தது. ஆங்கில வாசகத்தில் கண்டனத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் ‘டிப்ளோர்’ என்ற சொல் இருந்தது. கண்டித்தோம் என்று எதிர்க்கட்சிகள் ஊரில் சொல்லிக்கொள்ளவும், கண்டிக்கவில்லை என்று அரசு வாஷிங்டனில் சொல்லிக்கொள்ளவும் ஒரே தாளில் இடம் கிடைத்தது. (தமிழில் நிந்தனை என்றால் வசையே ஆகிவிடும் என்பதால், நம் மொழியில் இந்தச் சமரசம் எடுபட்டிருக்காது.)

வியப்பு என்னவென்றால், பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு நியூயார்க்கிலும் இதே இரண்டு சொற்களுக்கு இடையில்தான் இழுபறி நடந்தது. 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் குறித்துப் பாதுகாப்பு கவுன்சிலில் வைக்கப்பட்ட வரைவில், சீனா எதிர்த்து வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பதற்காக, ரஷ்யாவைக் ‘கண்டிக்கிறது’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘டிப்ளோர்’ வைக்கப்பட்டது. சீனாவும் ஒதுங்கியது, ரஷ்யா மட்டும் தனியாகத் தன் வீட்டோவை, அதாவது தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கை, போட்டது. ரஷ்யாவைத் தனியே நிறுத்திக் காட்டுவதுதான் வரைந்தவர்களின் நோக்கம். அந்த அளவில் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்து ஒரு காட்சியை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று ஒதுங்கிய இன்னொரு நாடு இந்தியா. நம் பிரதிநிதி படித்த விளக்கத்தில் நாட்டின் இறையாண்மை, எல்லைகளின் முழுமை, ஐ.நா. சாசனம் ஆகிய மூன்றும் இடம்பெற்றன. ரஷ்யா என்ற பெயர் மட்டும் இடம்பெறவில்லை. யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது அந்த அறையில் இருந்த அனைவருக்கும் தெரியும்.

ஒரு வாசகர், தேவகோட்டை: ஒரே ஒரு நாடு வீட்டோ போட்டால் எல்லாம் முடிந்துவிடுகிறதே. பிறகு ஐ.நா. எதற்கு? பெரிய நாடு எதுவும் எப்போதாவது பணிந்திருக்கிறதா?

பணிந்திருக்கிறது, ஆனால் எதற்குப் பணிந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது.

பாதுகாப்பு கவுன்சில் முடங்கினால் பொதுச்சபையை அவசரமாகக் கூட்டலாம் என்ற வழியை 1950 நவம்பரில் ஏற்படுத்தினார்கள். கொரியப் போரில் சோவியத் வீட்டோவைச் சுற்றிக்கொண்டு போவதற்காக அமெரிக்காவும் அதன் நண்பர்களும் வெட்டிய வாய்க்கால் அது. 1956இல் அந்த வாய்க்காலில் முதலில் விழுந்தவை பிரிட்டனும் பிரான்சுமே. சூயஸ் கால்வாயை எகிப்து அதிபர் நாசர் நாட்டுடைமையாக்கியதும், அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும் அதைத் தொடர்ந்து அவ்விரு நாடுகளும் எகிப்தைத் தாக்கின; கவுன்சிலில் அவ்விரு நாடுகளும் வீட்டோ போட்டன; விவகாரம் பொதுச்சபைக்குப் போயிற்று. நவம்பர் 2 அன்று உடனடிப் போர்நிறுத்தம் கோரி 64 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை ஐந்துதான்.

அந்த 64 வாக்குகளைக் கண்டு லண்டன் பின்வாங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். பவுண்டு நாணயம் சரிந்துகொண்டிருந்தது. சர்வதேச நிதியத்திடம் கைநீட்ட அமெரிக்காவின் தயவு வேண்டியிருந்தது. படையைத் திரும்பப் பெறாமல் தயவு கிடையாது என்று ஐசனோவர் அரசு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. நவம்பர் 6 நள்ளிரவில் சண்டை நின்றது, டிசம்பர் 22க்குள் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் வெளியேறிவிட்டன. கடன் கொடுப்பவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் வாங்குபவன் என்ன செய்வான் என்பதை தேவகோட்டைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே வாரத்தில் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தன. பொதுச்சபை அதையும் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாஸ்கோவின் பணப்பெட்டிச் சாவி வேறு எவரிடமும் இல்லாததால் எந்தப் பயனும் விளையவில்லை. சூயஸுக்கு உரத்துக் குரல் கொடுத்த இந்தியா, ஹங்கேரியில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கோரிய தீர்மானத்தைக் கிருஷ்ண மேனன் வழியாக எதிர்த்து வாக்களித்தது. உள்நாட்டிலேயே அதற்குக் கடும் விமர்சனம் எழுந்தது. அந்த விமர்சனம் நியாயமானது என்றே நான் இன்றும் கருதுகிறேன்.

1983இல் கிரெனடா என்ற சின்னஞ்சிறு தீவுக்குள் அமெரிக்கா புகுந்தது. எலிசபெத் அரசியையே தலைவராகக் கொண்ட நாடு அது என்பதால் ரீகனின் நெருங்கிய தோழியான தாட்சருக்கே கடும் எரிச்சல். பொதுச்சபையில் 108 நாடுகள் எதிராக வாக்களித்தன. அதைப் பற்றிக் கேட்டபோது, தம் காலைச் சிற்றுண்டிக்கு அதனால் எந்தப் பங்கமும் வரவில்லை என்று ரீகன் பதில் சொன்னார்.

ஒரு மாணவி, காரைக்குடி: தூதரைத் திரும்ப அழைப்பதற்கும் வெளியேற்றுவதற்கும் என்ன வேறுபாடு?

முதலாவது, நம் ஆளை நாமே வீட்டுக்கு வரச் சொல்வது: பங்காளி வீட்டு விசேஷத்துக்குத் தலையைக் காட்டாமல் இருப்பதைப் போன்றது. இரண்டாவது, அவர்களுடைய ஆளை நம் வீட்டிலிருந்து போகச் சொல்வது. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவின்படி இதற்குக் காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. உக்ரைனின் புச்சா நகரப் படுகொலைகள் வெளியே தெரிந்த 2022 ஏப்ரல் மாதத்தில் ஐரோப்பிய நாடுகள் சில நாள்களுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ரஷ்யத் தூதரக அலுவலர்களை வெளியேற்றின. உறவு முற்றாக அறுந்த பிறகும் பேச்சு அறுவதில்லை. மூன்றாம் நாடு ஒன்று இடையில் நின்று கடிதம் கொண்டுபோகும். ஈரானில் அமெரிக்காவின் அலுவல்களை 1980 முதல் சுவிட்சர்லாந்துதான் கவனித்து வருகிறது.

ஒரு வாசகர், கோட்டையூர்: 1987இல் நம் படை இலங்கைக்குப் போனபோது உலகம் ஏன் நம்மைக் கண்டிக்கவில்லை?

அந்த ஆண்டில் நடந்தவை இரண்டு. ஜூன் 4 அன்று நம் விமானப்படை விமானங்கள், மிராஜ் போர்விமானங்களின் காவலுடன், யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. இலங்கை அதைத் தன் இறையாண்மை மீறல் என்று கூறி எதிர்ப்புத் தெரிவித்தது. சட்டப்படி அந்த முறையீட்டில் தவறும் இல்லை. ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு போன படையோ, இலங்கை அரசின் வேண்டுகோளின் பேரில் போனது. அந்த அழைப்புதான் நம்மை ஐ.நா. வாக்கெடுப்பிலிருந்து காப்பாற்றியது.

அழைப்பு என்ற சொல்லையும் உரசிப் பார்க்க வேண்டும். 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த சோவியத் யூனியனும் தன்னை அழைத்தார்கள் என்றுதான் சொன்னது. ஆட்சியிலிருந்த அமீனை வந்த படையே கொன்றுவிட்டதால், அழைத்தது யார் என்ற கேள்விக்கு நம்பும்படியான பதில் இல்லாமல் போயிற்று. பொதுச்சபையில் 104 நாடுகள் எதிர்த்தன, இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. 1988 நவம்பரில் மாலத்தீவு அதிபர் கயூம் நம்மை அழைத்ததோ ஐயத்துக்கு இடமில்லாத அழைப்பு. கூலிப்படையினரை விரட்டிய நம் வீரர்களை ரீகனும் தாட்சரும் பாராட்டினார்கள். இலங்கையிலோ அழைத்தவர் போய்ப் பிரேமதாசா வந்ததும், வெளியேறு என்ற குரல் அதே அரசிடமிருந்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் நம் படை திரும்பியது.

ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்: வங்கதேசத்தை விடுவித்தபோது உலகம் நம்மைப் பாராட்டியது என்று மாணவர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். சரிதானா?

தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சரியல்ல. 1971 டிசம்பர் 7 அன்று, போர் தொடங்கிய நான்காம் நாள், போர்நிறுத்தமும் படை விலக்கமும் கோரிய தீர்மானத்தைப் பொதுச்சபையில் 104 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நம்மையும் சேர்த்துப் பதினொன்று. சோவியத் அணி நாடுகளை விட்டால், நம் பக்கத்தில் நின்ற அண்டை நாடு அந்த ஆண்டில்தான் ஐ.நா.வில் சேர்ந்திருந்த பூடான் மட்டுமே. (அந்தப் பதினொன்றில் உக்ரைனும் ஒன்று. சோவியத்துக்குள் இருந்தபோதே அதற்கு ஐ.நா.வில் தனி இருக்கை உண்டு.) ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் நம் எல்லைக்குள் வந்திருந்தார்கள் என்பதை எல்லோரும் அறிவார்கள், ஆயினும் ஒரு நாட்டை ஆயுதத்தால் இரண்டாகப் பிரிக்கலாம் என்ற முன்மாதிரியை, தத்தம் நாட்டில் பிரிவினைக் குரலை எதிர்கொண்டிருந்த ஆசிய, ஆப்பிரிக்க அரசுகள் ஏற்கத் தயாராக இல்லை. கவுன்சிலில் சோவியத் யூனியன் திரும்பத் திரும்ப வீட்டோ போட்டு நமக்கு நாள்களை வாங்கிக் கொடுத்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது.

பாராட்டு பிறகு வந்தது, அதற்குக் காரணமும் இருக்கிறது. 1972 மார்ச்சுக்குள் நம் படை வங்கதேசத்தை விட்டு வெளியேறிவிட்டது. அதே ஆண்டில் பிரிட்டனும் அமெரிக்காவும் புதிய நாட்டை அங்கீகரித்தன. 1974இல் பாகிஸ்தானே அங்கீகரித்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வங்கதேசம் ஐ.நா. உறுப்பினராயிற்று. போனது எப்படி என்று 104 நாடுகள் கேட்டன; திரும்பி வந்துவிட்டதால் கேள்வி தானாக அடங்கியது. மாணவர்களுக்கு இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லலாம்.

ஒரு வாசகி, பள்ளத்தூர்: என் ஐயா சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். போல்பாட்டை விரட்டிய வியட்நாமைப் பாராட்டாமல் உலகம் ஏன் பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்தது?

தங்கள் கடிதத்தைப் படித்தபோது, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடை ஒன்றில் நான் புரட்டிய பேரேடு நினைவுக்கு வந்தது. பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘சைகோன்’ என்று எழுதி, வரவும் பற்றும் அந்த ஊர் நாணயமான பியாஸ்தரில் போடப்பட்டிருந்தது. கறையான் அரித்த ஓரங்களைத் தவிர எழுத்தெல்லாம் நேற்று எழுதியதுபோல் இருந்தது. கடைக்காரர் அதை எனாமல் தட்டுகளோடு அடுக்கி வைத்திருந்தார்.

இனி கேள்விக்கு வருகிறேன். கம்போடியாவில் போல்பாட் தலைமையில் நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்குக் குறையாத மக்கள் மாண்டார்கள். அந்த ஆட்சியின் படைகள் வியட்நாம் எல்லைக் கிராமங்களிலும் புகுந்தன. 1978 ஏப்ரலில் பாசுக் என்ற ஊரில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். டிசம்பர் 25 அன்று வியட்நாம் பெரும்படையுடன் நுழைந்தது. 1979 ஜனவரி 7 அன்று நோம்பென் வீழ்ந்தது. இதை விடத் தெளிவான நியாயம் வேறு எந்தப் படையெடுப்புக்கு இருந்திருக்க முடியும் என்று தோன்றும். ஆனால் ஹானோய்க்குப் பின்னால் மாஸ்கோ இருந்தது; போல்பாட்டுக்குப் பின்னால் பீஜிங் இருந்தது; பீஜிங்குடன் அமெரிக்கா அந்த ஜனவரி முதல் தேதியில்தான் முழுத் தூதரக உறவைத் தொடங்கியிருந்தது. அடுத்தது தன் எல்லைதான் என்று தாய்லாந்து அஞ்சியது. ஆசியான் நாடுகள் அனைத்தும் அதன் பின்னே நின்றன. கம்போடியர்களின் எலும்புகள் இந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை.

பிப்ரவரி 17 அன்று சீனா வியட்நாமுக்குப் ‘பாடம் கற்பிப்பதாக’ எல்லையைத் தாண்டியது. அன்று நம் வெளியுறவு அமைச்சர் வாஜ்பாய் சீனாவில் விருந்தாளியாக இருந்தார். பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு திரும்பினார். விருந்துக்கு அழைத்துவிட்டு அண்டை வீட்டை அடித்தது டெல்லியில் நெடுநாள் மறக்கப்படவில்லை.

ஐ.நா.வில் நடந்ததுதான் எனக்கு இன்றும் ஜீரணமாகாதது. கம்போடியாவின் இருக்கை யாருக்கு என்ற வாக்கெடுப்பு 1979 செப்டம்பரில் வந்தது. காட்டுக்குள் ஓடிவிட்ட போல்பாட் தரப்புக்கே அந்த இருக்கை தொடர வேண்டும் என்று 71 நாடுகள் வாக்களித்தன, 35 எதிர்த்தன, 34 ஒதுங்கின. கொலைகாரர்களை யாரும் புகழ்ந்து பேசவில்லை. அயல்படை அமர்த்திய அரசை ஏற்றால் நாளைக்கு எந்தப் பெரிய நாடும் அண்டை நாட்டில் தன் ஆளை உட்காரவைத்துவிடும் என்றே வாதிட்டார்கள். சிறிய நாடுகளுக்கு அந்த அச்சம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அச்சத்துக்கு விடையாகக் கெமர் ரூஜின் ஆளை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்க வேண்டியதில்லை. அதே மாதம் ஹவானாவில் கூடிய அணிசேரா நாடுகள் இருக்கையைக் காலியாக விட்டன. அந்த வழி ஐ.நா.வுக்கும் திறந்திருந்தது.

1980 ஜூலையில் இந்திரா காந்தி அரசு, வியட்நாம் கம்போடியாவில் அமர்த்திய ஹெங் சாம்ரினின் புதிய அரசை அங்கீகரித்தது. கம்யூனிஸ்ட் அணிக்கு வெளியே இதைச் செய்யத் துணிந்த பெரிய நாடு நம்முடையதுதான். ஆசியான் நாடுகள் முகம் சுளித்தன, நமக்கும் அவர்களுக்கும் இடையில் நெடுங்காலம் ஒரு குளிர் இருந்தது. ஹங்கேரி பற்றி மேலே குறை சொன்ன நான், இந்த ஒரு முடிவை நிமிர்ந்து நின்று ஆதரிப்பேன்.

வியட்நாமின் தவறும் உண்டு. 1972இல் நாம் செய்ததுபோல் அது திரும்பி வரவில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு என்று தங்கியது. உதவிகள் நின்றன, வணிகம் வறண்டது. சோவியத் பணம் குறையத் தொடங்கிய பிறகே, 1989 செப்டம்பரில் கடைசிப் படைப்பிரிவு வெளியேறியது. 1991 அக்டோபர் 23 அன்று பாரிஸில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தங்கள் ஐயா வணங்கியிருக்கக்கூடிய தெண்டாயுதபாணி கோயில் சைகோன் நகரில் இன்றும் இருக்கிறது.

ஒரு அரிசி ஆலைக்காரர், புதுவயல்: உக்ரைன் போருக்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது எங்களுக்குத் தெரியும். ‘ஸ்விஃப்ட்’ நிறுத்தம், சொத்து முடக்கம் என்கிறார்களே, அவை என்ன?

எண்ணெயை முதலில் முடித்துவிடுகிறேன். நம் நாட்டுக்கு வந்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து வந்தது. துறைமுகங்கள் மூடப்பட்டதும் தேன்குழலும் மணகோலமும் சுடும் அடுப்பு வரை அது தெரிந்தது. கச்சா எண்ணெயில் நேர்மாறு: போருக்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த ரஷ்யாவின் பங்கு, தள்ளுபடி விலையால் 2023இல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. ஐ.நா.வில் நாம் ஒதுங்கிய வாக்குகளுக்கு இதுவும் ஒரு விளக்கம். ஆயுதக் கொள்முதல் இன்னொன்று.

ஸ்விஃப்ட் என்பதை நம் பழைய உண்டியல் சீட்டின் வழியாகப் புரிந்துகொள்ளலாம். ரங்கூன் கிட்டங்கியிலிருந்து தங்கள் முன்னோர் உண்டியல் எழுதி அனுப்பியபோது கடலைத் தாண்டி வந்தது பணமன்று, இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்ற எழுத்து. அந்த எழுத்தை மேலாள் நம்பியதால் பணம் எண்ணப்பட்டது. ஸ்விஃப்டும் வங்கிகளுக்கிடையே அத்தகைய எழுத்தைக் கொண்டுபோகும் தபால்தான். 2022 மார்ச்சில் குறிப்பிட்ட சில ரஷ்ய வங்கிகளை அதிலிருந்து நீக்கினார்கள். பணம் பெட்டியிலேயே இருந்தது, சீட்டுதான் போகவில்லை.

சொத்து முடக்கம் அதைவிடக் கடுமை. ரஷ்ய மத்திய வங்கி மேற்கு நாடுகளில் வைத்திருந்த சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை அசைக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். அதில் பெரும்பங்கு பெல்ஜியத்தில் உள்ள யூரோகிளியர் என்ற காப்பு நிறுவனத்தில் இருக்கிறது. பூட்டிய முதலுக்கு வட்டி வளர்கிறது அல்லவா? அந்த வரும்படியைத் திருப்பிச் செலுத்தும் ஆதாரமாக வைத்து, உக்ரைனுக்கு 5,000 கோடி டாலர் கடன் கொடுக்க ஜி-7 நாடுகள் 2024 ஜூனில் இத்தாலியில் முடிவு செய்தன. முதலைத் தொடாமல், ஒருவருடைய வட்டியை எடுத்து, அவருடைய எதிராளிக்குக் கொடுக்கும் கடனை அதைக் கொண்டே அடைக்கும் இத்தகைய ஏற்பாட்டை எந்த ஐந்தொகையிலும் நான் கண்டதில்லை. சட்டப்படி இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் ஐரோப்பிய வழக்கறிஞர்களுக்குள்ளேயே கருத்து ஒன்றுபடவில்லை. ரஷ்யா இதைத் திருட்டு என்கிறது. பெல்ஜியமோ, நாளைக்கு வழக்கு வந்தால் பொறுப்புத் தன் தலையில் விழுமே என்று பேச்சுவார்த்தைகளில் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது.